வேலூரிலிருந்து இரண்டு நாளில் புலிக்காடு போய்வர முடியுமா?

கேள்வி: வேலூரில் இருந்து சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஏதாவது ஒரு புலிகள் காப்பகத்துக்குப் போய் சஃபாரி பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? புலி கண்ணில் படுமா? வயதானவர்களும் ஒரு குழந்தையும் கூட வருகிறார்கள்.

தாராளமாகப் போய் வரலாம். ஒரே காடு, இரண்டு சஃபாரி, அதற்கு மேல் எதையும் சேர்க்காமல் இருந்தால் போதும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே ஊட்டியையும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே" என்று வீட்டில் யாராவது கட்டாயம் ஆரம்பிப்பார்கள். அதற்குத் தலையாட்டினால் இரண்டு நாளும் வண்டிக்குள்ளேயே கழியும். புலி கண்ணில் படுமா என்பதற்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கிறவர் ரிசார்ட் தரகராக இருப்பார்.

முதலில் எந்தக் காடு என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், 2021-ல் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை என்று ஐந்து புலிகள் காப்பகங்கள் உண்டு. ஐந்துமே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியவை. நம் ஜவ்வாது மலையில் சிறுத்தை உண்டு, கரடி உண்டு. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்தில் இருந்து யானை இறங்கி வந்து வாழைத்தோப்பை ஒரு கை பார்த்துவிட்டுப் போகும். ஆனால் புலிக்கு நாம் மேற்கேதான் போயாக வேண்டும்.

என் ஓட்டு பந்திப்பூருக்கு. கர்நாடகாவில் இருந்தாலும் நமக்கு அதுதான் வசதி, காரணம் காட்பாடி ஜங்ஷன். சென்னை மைசூரு வந்தே பாரத் காலை ஏழு மணி சுமாருக்குக் காட்பாடிக்கு வருகிறது, மதியம் பன்னிரண்டரை வாக்கில் மைசூருவில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து வாடகைக் காரில் நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை வழியாக எண்பது கிலோமீட்டர். மறுநாள் காலை சஃபாரியை முடித்துக்கொண்டு கிளம்பினால், மதியம் ஒரு மணி வாக்கில் மைசூருவில் இருந்து புறப்படும் அதே வந்தே பாரத்தைப் பிடித்துச் சாயங்காலம் ஆறுக்குள் காட்பாடி வந்துவிடலாம். வாரத்தில் ஒரு நாள் அந்த ரயில் ஓடாது, நேரமும் அவ்வப்போது மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் போவதென்றால் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு தாண்டி ஒரு பக்கம் மட்டும் 430 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். வயதானவர்களை வைத்துக்கொண்டு பெங்களூரு டிராஃபிக்கில் மாட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

முதுமலை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பந்திப்பூரும் முதுமலையும் உண்மையில் ஒரே காடு, நடுவே மாயாறு எல்லை, அவ்வளவுதான். ஆனால் நம் பக்கத்தில் இருந்து போகிறவர்கள் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஊட்டி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவு, அதிலும் வெளியூர் வண்டிகளைக் கீழே இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிக்கொண்டுதான் முதுமலையில் இருக்கும் தெப்பக்காடு சேர முடியும். போதாக்குறைக்கு 2024 மே 7-ல் இருந்து நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் வேறு. மூன்று நாள் லீவு இருந்தால் முதுமலை அருமையான இடம். தெப்பக்காடு முகாமில் யானைகளுக்குச் சாயங்காலம் ராகிக் களியும் கொள்ளும் வெல்லமும் உருட்டி ஊட்டுவதைப் பார்க்கும் குழந்தை, அதற்குப் பிறகு புலியைப் பற்றிக் கேட்கவே கேட்காது.

டிக்கெட் போடும் முன் ஒரு விஷயம். 2025 நவம்பரில் சரகூரு பக்கத்துக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து, பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் கர்நாடக அரசு சஃபாரியை நிறுத்தியது. காட்டு ஓரத்தில் வயல் வைத்திருப்பவர்களின் கோபம் நியாயமானது. ரிசார்ட்டில் தங்கி ஜீப்பில் போய் வருகிற நாம் அதைப் புரிந்துகொள்ளாமல் 'டூர் கெட்டுப்போச்சே' என்று அலுத்துக்கொள்வது சரியில்லை. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தாலும் சஃபாரியை மூடுவார்கள். ஆகவே திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் இணையதளத்தில் பார்த்து, சஃபாரிக்கு முன்பதிவு செய்து, அதற்குப் பிறகு ரயில் டிக்கெட் போடுங்கள். மாற்றிச் செய்யாதீர்கள்.

இப்போது புலிக்கு வருவோம். 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150 புலி, முதுமலையில் 114, சத்தியமங்கலத்தில் 85. கேமரா பொறி வைத்து, உடம்புக் கோடுகளை ஒப்பிட்டு எடுத்த கணக்கு. கைரேகை மாதிரி ஒரு புலியின் கோடு இன்னொன்றுக்கு இருக்காது. 150 இருந்தும் ஏன் கண்ணில் படுவதில்லை? காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மிச்சக் காட்டில் நாம் நுழையவே முடியாது. நுழைகிற பகுதியிலும் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. மழை முடிந்த மாதங்களில் போனால் காடு பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், பத்தடி தள்ளி நிற்கிற யானைகூடத் தெரியாது. மார்ச், ஏப்ரலில் இலை உதிர்ந்து, குட்டைகள் வற்றி, இருக்கிற ஒன்றிரண்டு தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும். புலி பார்க்க அதுதான் காலம். வேலூர் வெயிலில் பழகிய உடம்புக்கு அந்த வெயில் ஒன்றும் செய்யாது. டிசம்பர், ஜனவரி விடியற்காலைக் குளிர்தான் நம்மைப் படுத்தும், திறந்த ஜிப்சி ஜீப்பில் காது விறைத்துப்போகும்.

குடியாத்தத்தில் இருக்கும் என் மாமனாரை ஒருமுறை அழைத்துப் போனோம். மதிய சஃபாரியில் வண்டி கிளம்பிய பத்து நிமிடத்தில் புள்ளிமான் கூட்டம். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். அவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "இன்னாப்பா மாப்ளே, மானு காட்றதுக்கா இவ்ளோ தூரம் இட்டாந்த? நம்ம அமிர்தியிலயே கீதே" என்றார். அமிர்தி பூங்காவில் மான் இருப்பது வாஸ்தவம். டிரைவருக்குத் தமிழ் கொஞ்சம் புரியும் போலிருக்கிறது, சிரித்துவிட்டு, "சார், மானைப் பாருங்க, அது எங்க பாக்குதுன்னு பாருங்க" என்றார்.

சஃபாரியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. புலியைத் தேடுகிற கண்ணுக்குப் புலி கிடைப்பது அபூர்வம். டிரைவர்கள் தேடுவது மானையும் குரங்கையும்தான். மேய்கிற மான்கள் தலை குனிந்திருந்தால் பக்கத்தில் ஆபத்து எதுவும் இல்லை. திடீரென்று ஒன்று தலையைத் தூக்கி, காதை முன்னால் விறைத்து, வாலை நிமிர்த்தி அடியில் இருக்கும் வெள்ளை தெரியும்படி நிற்கும். முன்னங்காலால் தரையை ஓங்கி ஓங்கித் தட்டும். பிறகு கூர்மையாக ஒரு கத்தல். மரத்து உச்சியில் இருக்கும் மந்தி இருமுவது போலக் குரல் கொடுத்தால் இன்னும் விசேஷம், அதற்கு மேலிருந்து புதருக்குள் தெரியும். இதிலும் ஒரு தரவரிசை உண்டு. புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கத்தும், செந்நாய்க்கும் கத்தும், சும்மா பயந்தும் கத்தும். கடமான் அப்படியில்லை. அதன் கனத்த குரல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இருந்து வந்தால் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியைத் திருப்புவார்.

மறுநாள் காலை எங்களுக்கு அது நடந்தது. மண் பாதையில் ஜிப்சியை நிறுத்தி டிரைவர் கீழே கையைக் காட்டினார். முந்தின நாள் சாயங்காலம் போன வண்டிகளின் டயர் தடத்துக்கு மேலே பாதச்சுவடு. தடத்துக்கு அடியில் இல்லை, மேலே. அதாவது கடைசி வண்டி போன பிறகு ராத்திரியில் நடந்திருக்கிறது. அகலமான உள்ளங்கால், நான்கு விரல், நகம் பதியவில்லை. நாய் வகையறாவாக இருந்தால் நகம் பதியும், பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். மாமனார் வண்டியில் இருந்து எக்கி எக்கிப் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் கடமான் குரல். இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பின்சீட்டில் ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தான். அந்தச் சரசரப்புக்கு டிரைவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பையனின் அப்பாவே பாக்கெட்டைப் பிடுங்கிப் பைக்குள் போட்டார். புலி வரவில்லை. நேரம் முடிந்தது, திரும்பும் வழியில் செந்நாய்க் கூட்டம் ஒன்று பாதையைக் கடந்தது. செந்நாய் பார்ப்பதும் சாமானியம் இல்லை, உலகத்திலேயே அருகிவரும் இனம் அது. மாமனார் சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால் ஒரு ஏப்ரலில் நான் போனபோது புலி தெரிந்தது. குட்டைக் கரையில் வந்து நின்று, அப்படியே திரும்பி, பின்புறமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. முகத்தில் தண்ணீர் படுவது அதற்குப் பிடிக்காது என்பார்கள். கழுத்து வரை அமிழ்ந்து, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கரையில் எட்டு வண்டி நிற்பதைப் பற்றி அதற்கு அக்கறையே இல்லை.

உங்கள் வீட்டாரைப் பொறுத்தவரை சில விஷயம். முதுகுவலி இருக்கும் பெரியவர்களுக்கு ஜிப்சி வேண்டாம், குழியில் தூக்கிப் போடும். வனத்துறையின் மினி பஸ்ஸில் முன்பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் போதும். பஸ் சத்தத்துக்கு விலங்கு ஓடிவிடும் என்பார்கள், தினம் பார்த்துப் பழகிய விலங்குகள் அவை, ஓடாது. பஸ்ஸின் குறை வேறு: குறுகலான பாதைகளுக்குள் போகாது, வண்டி நிறைய வாய் பேசும். உள்ளே எங்கும் இறங்க முடியாது, ஆகையால் கிளம்பும் முன் எல்லோரும் பாத்ரூம் போய்விட்டு வரட்டும். காபியைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டை வேண்டாம். சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தால் பெரிய வித்தியாசம், போன் கேமராவில் தூரத்து யானை எறும்பு அளவுக்குத்தான் வரும். குழந்தைக்குப் புலியைக் காட்டியே தீர வேண்டும் என்றால் வண்டலூர் போய்விடுங்கள், அலைச்சலும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை. இரண்டரை மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்த வயதுக்குப் பிறகு காட்டுக்கு அழைத்து வரலாம்.

தங்குவதற்குக் குண்டல்பேட்டையிலேயே நல்ல லாட்ஜ்கள் உண்டு, காட்டு ஓர ரிசார்ட்டில் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. சாப்பாட்டுக்கு ஆம்பூர் பிரியாணியை எதிர்பார்க்காதீர்கள், ராகி முத்தையும் (நம் களி உருண்டை) ஹுளியும் (குழம்பு) கிடைக்கும், நன்றாகவே இருக்கும். பந்திப்பூர் சஃபாரி இப்போது மேலுகாமனஹள்ளி மையத்தில் இருந்து கிளம்புகிறது, பழைய விவரத்தை நம்பிக் காட்டுக்குள் நேராகப் போய்விட வேண்டாம். காட்டு வழி நெடுஞ்சாலை இரவு ஒன்பதில் இருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். 2009-ல் இருந்து இந்தத் தடை இருக்கிறது, கெஞ்சினாலும் விட மாட்டார்கள். எல்லை தாண்டி மசினகுடிப் பக்கம் 'நைட் சஃபாரி' என்று தனியார் ஜீப்காரர்கள் கூப்பிட்டால் போகாதீர்கள், அது சட்டவிரோதம், வனத்துறை பிடித்தால் அபராதம் உங்கள் தலையிலும் விழும். அதே மசினகுடியில்தான் 2021 ஜனவரியில் ரிசார்ட் பக்கம் வந்த யானை மீது தீயை எறிந்தார்கள், அது செத்தே போனது. காட்டை ஒட்டித் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் வாரமும் தீபாவளியை ஒட்டிய சனி ஞாயிறும் மட்டும் வேண்டாம். பெங்களூரு முழுக்க அங்கேதான் இருக்கும், சஃபாரி சீட்டும் கிடைக்காது, வந்தே பாரத்தில் காட்பாடி கோட்டாவும் கிடைக்காது. பிப்ரவரிக் கடைசியில் ஒரு வார நாளாகப் பார்த்து லீவு போட முடியுமா பாருங்கள்.