மதுரையில் எம்.டி. சேரலாமா, சென்னைக்கே போய்விடலாமா?

கேள்வி இது: "எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டேன். நீட் பி.ஜி. தரவரிசைப்படி சென்னையிலும் இடம் கிடைக்கலாம், மதுரையிலும் கிடைக்கலாம். சுற்று மாவட்டங்கள் முழுக்க நம்பியிருக்கும் ஊரில் முதுநிலை படிப்பது எப்படி இருக்கும்? படித்தவர்கள் சொல்லுங்கள்."

நான் மதுரையில் எம்.டி. பொது மருத்துவம் முடித்தவள். இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என் பதில், தயங்காமல் மதுரைக்கு வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கோரிப்பாளையத்தில் இறங்கி அரசு ராஜாஜி மருத்துவமனை எங்கே என்று கேட்டால், "பெரியாஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஒரு காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெயர். மருத்துவக் கல்லூரி 1954-இல் வந்தது. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் கடைசி நம்பிக்கை இந்த இடம்தான் என்ற நிலை ரொம்ப காலம் இருந்தது. இப்போது அந்த ஐந்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றும் 2022 ஜனவரியில் திறந்தவை. அதனால் சாதாரண நோய்கள் அங்கங்கேயே பார்க்கப்பட்டுவிடுகின்றன. சிக்கலானவை மதுரைக்கு வருகின்றன. கையில் ஒரு ரெஃபரல் சீட்டோடு, அதாவது மேல்சிகிச்சைக்கு அனுப்பும் டாக்டர் எழுதிக் கொடுக்கும் குறிப்போடு வருகின்றன. அந்தச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் என் மூன்று வருடப் படிப்பு என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு கேஸ் சொல்கிறேன். முதல் வருடம், மே மாதம், எங்கள் யூனிட்டின் அட்மிஷன் நாள், அதாவது புதிதாக வரும் நோயாளிகளை எங்கள் குழு சேர்த்துக்கொள்ளும் முறை. விடிந்தும் விடியாத நேரத்தில் 108-இல் ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். நத்தம் பக்கம் மாந்தோப்பில் காவலுக்குப் படுத்திருந்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலியில் எழுந்திருக்கிறார். உள்ளூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வாயுக்கோளாறு என்று ஊசி போட்டிருக்கிறார்கள். தண்ணீர் விழுங்க முடியவில்லை என்றதும் அனுப்பிவிட்டார்கள். சீட்டில் இரண்டே வரி. "கடும் வயிற்றுவலி. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது."

என்னோடு டியூட்டியில் இருந்த நண்பர் ராஜஸ்தான்காரர். அரசுக் கல்லூரிகளின் பி.ஜி. இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போவதால் வட இந்திய நண்பர்கள் இங்கே நிறையப் பேர். ஆறே மாதத்தில் அவர் நன்றாகத் தமிழ் பேசப் பழகியிருந்தார். இளைஞரின் அம்மா அவரிடம், "கண்ணு சொக்குதுங்கிறான் சார்" என்று சொன்னார். அவர் அதைத் தூக்கக் கலக்கம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். ராத்திரி முழுக்க வலியில் கிடந்தவனுக்குத் தூக்கம் வருவது இயல்புதானே.

எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. பக்கத்தில் போய், "அண்ணே, மேல பாருங்க" என்றேன். நெற்றி சுருங்கியது, இமை ஏறவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, பாதி மூடிய இமைக்குக் கீழே என்னைப் பார்த்தார். மூச்சுத் தசைகள் தளர்கின்றனவா என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னேன். பதினொன்றில் நின்றுவிட்டது.

"தரையில படுத்திருந்தாரா?"

"பாய்கூட இல்ல டாக்டரம்மா, துண்ட விரிச்சுத்தான் படுப்பான்."

பாம்புதான் என்று தோன்றியது. உடம்பு முழுக்கத் தேடியும் பல் பட்ட தடம் கிடைக்கவில்லை. இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆடாமல் அசையாமல் இருபது நிமிடம் வைத்தோம். விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாமல் தண்ணீராக ஓடும். குழாயைச் சாய்த்தேன். நன்றாக உறைந்திருந்தது. அப்படியானால் பாம்பு இல்லையோ என்று நாங்கள் குழம்பி நின்றபோது எங்கள் உதவிப் பேராசிரியர் மேடம் வந்தார். நோயாளியின் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"கட்டுவிரியன். பேர்லதாம்மா விரியன். அது நாகப்பாம்புக் குடும்பம். ரத்தத்தைத் தொடாது, நரம்பைத்தான் பிடிக்கும்."

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. தூங்குகிறவருக்குக் கடித்ததே தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி, அப்புறம் இமை இறங்குவது, அப்புறம் மூச்சு. எம்.பி.பி.எஸ்.ஸில் இதையெல்லாம் பத்து மதிப்பெண் பதிலாக எழுதியவள்தான் நானும். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு அடங்கியது. தொண்டை வழியாக மூச்சுக்குக் குழாய் போட்டு வெண்டிலேட்டரில் இணைத்தோம். அன்று சாயங்காலம் கை கால் எதுவும் அசையவில்லை, வெளிச்சம் அடித்தால் கண்மணிகூடச் சுருங்கவில்லை. தெரியாதவர்கள் மூளைச்சாவு என்றே முடிவு கட்டுவார்கள். மேடம் எங்களிடம், "அவனுக்குக் காது கேக்கும். கட்டில் பக்கத்துல பார்த்துப் பேசுங்க" என்றார். நான்காம் நாள் குழாயை எடுத்தோம். தொண்டை கரகரக்க அவர் சொன்னது: "நீங்க பேசுனது பூராம் கேட்டுச்சு. கைதான் வரல."

அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் ராஜஸ்தான் நண்பர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டார். கிறுகிறுங்குது, பெரட்டுது, நெஞ்சு கரிக்குது, வயித்தப் பெசையுது, மேலுக்கு முடியல என்று ஒவ்வொன்றையும் இந்தியில் எழுதி, பக்கத்திலேயே பொருளும் குறித்துக்கொள்வார். கடைசி வருடத்தில் புதிதாக வந்த வெளிமாநில ஜூனியர்கள் அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தார்கள். நீங்கள் தமிழர் என்றாலும் இது உங்களுக்கும் பொருந்தும். ராமநாதபுரத்துப் பாட்டி பேசுவது வேறு, கம்பம் பள்ளத்தாக்குக்காரர் பேசுவது வேறு.

சென்னையில் இதெல்லாம் கிடையாதா என்றால், உண்டு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1835-இலிருந்து நடக்கிறது, அங்கே பார்க்காத நோயா. உயர்சிறப்புப் படிப்புதான் குறி என்றால் சென்னையின் துறைகள் உங்களுக்கு உதவும். ஆனால் வயலும் தோப்பும் சார்ந்த நோய்களோடு வாழப்போகிற பொது மருத்துவர் ஆக வேண்டும் என்றால் எனக்கு மதுரைதான். கண் மருத்துவம் என்றால் கேட்கவே வேண்டாம். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தூக்கம். இது எந்த ஊரில் சேர்ந்தாலும் இருக்கும். நாடு முழுக்க பி.ஜி. மாணவர்கள் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக நிற்கிறார்கள். தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி உத்தரவு சொல்கிறது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 48-ஐக் கேட்டவர்கள் 74-க்கு ஏங்கும்படி ஆகிவிட்டது. தூக்கமில்லாத டாக்டர் இமை இறங்குவதைக் கவனிக்க மாட்டார். இதைக் கேட்பது சோம்பேறித்தனம் இல்லை, சேர்ந்த பிறகு நீங்களும் கேளுங்கள். சேருமுன் சீனியர்களிடம் உதவித்தொகையை மட்டும் விசாரிக்காமல், அட்மிஷன் நாளுக்கு மறுநாள் எத்தனை மணிக்கு அறைக்குப் போகிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

இன்னொன்று, மாவட்ட ரெசிடென்சி. மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். பலர் இதை விடுமுறையாக நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் முதல்முறையாக நான் சீட்டு வாங்கும் பக்கத்திலிருந்து சீட்டு எழுதும் பக்கத்துக்கு மாறினேன். ராத்திரி ஒற்றை ஆளாக, வெண்டிலேட்டர் இல்லாத இடத்தில் நின்று பார்த்தபோதுதான் அந்த நத்தம் சீட்டை எழுதியவர் மேல் எனக்கிருந்த கோபம் போனது. விழுங்க முடியவில்லை என்றதும் காலம் கடத்தாமல் அனுப்பினாரே, அதனால்தான் அந்த ஆள் பிழைத்தார்.

இப்போது தாலுகாவிலிருந்து மதுரைக்கு நான் அனுப்பும் சீட்டு ஒரு பக்கத்துக்குக் குறையாது. படுத்த இடம், வலி வந்த நேரம், குழாயில் ரத்தம் உறைந்ததா, எத்தனை குப்பி மருந்து ஏற்றினேன், ஒரே மூச்சில் எதுவரை எண்ணினார், எல்லாம் இருக்கும். அடியில் என் செல் நம்பர். போன வாரம் ராத்திரி மூன்று மணிக்கு அங்கிருந்து ஒரு முதல் வருட பி.ஜி. கூப்பிட்டார். தமிழ் கொஞ்சம் தடுமாறியது. "மேடம், நீங்க எழுதுனதுல பதினாலு வரைக்கும்னு இருக்கு. இப்ப ஒன்பதுதான் வருது. குழாய் போட ஏற்பாடு பண்ணிட்டோம்" என்றார்.