ஆங்கர் பெட்டியில் பானசோனிக் பெயர் எதற்கு?

கேள்வி: புது வீட்டுக்கு வயரிங் வேலை நடக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன், "ஆங்கர் சுவிட்ச் வாங்கி வாருங்கள், எங்கள் அப்பா காலத்திலிருந்து அதுதான்" என்றார். கடையில் கொடுத்த பெட்டியில் ஆங்கரோடு பானசோனிக் என்றும் அச்சிட்டிருக்கிறது. டூப்ளிகேட்டா? பழைய கம்பெனிதானா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்பெனி அதுதான், முதலாளி மாறிவிட்டார். ஆங்கர் 1963-ல் மும்பையில் குடும்பத் தொழிலாகத் தொடங்கியது. (கடைகளில் பார்த்திருப்பீர்களே, ஆங்கர் பற்பசை? அதுவும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான்.) 2007-ல் சுவிட்ச் கம்பெனியின் 80 சதவீதப் பங்குகளை ஜப்பானின் மாட்சுஷிடா எலக்ட்ரிக் ஒர்க்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே மாட்சுஷிடா குழுமம் பானசோனிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆங்கர் என்ற பெயரை மட்டும் விடவில்லை. உங்கள் எலக்ட்ரீஷியன் வாயில் இரண்டு தலைமுறையாக இருக்கும் பெயரை யார்தான் விடுவார்கள்?

டிவி, ஏசி விற்கிறவர்களுக்கு சுவிட்சில் என்ன வேலை என்று தோன்றலாம். அவர்கள் தொடங்கியதே இதில்தான். கோனோசுகே மாட்சுஷிடா ஒசாகாவில் மின்விளக்குக் கம்பெனி ஊழியர். பல்பு மாட்டும் சாக்கெட்டைத் திருத்திப் புது மாதிரி ஒன்று செய்தார். மேலதிகாரி அதை மதிக்கவில்லை. 1917-ல், 22 வயதில், வேலையை விட்டுவிட்டு மனைவி, மைத்துனரோடு வீட்டிலேயே அதைத் தயாரித்தார். விற்கவில்லை. மின்விசிறிக்கு ஆயிரம் இன்சுலேட்டர் தட்டு கேட்டு வந்த ஆர்டர்தான் அவரைக் காப்பாற்றியது.

1918 மார்ச்சில் முறையாகக் கம்பெனி தொடங்கினார். முதலில் எடுபட்ட பொருள்களில் ஒன்று ஒரு சாதாரண பிளக். பழைய பல்புகளின் அடிப்பாகத்தைக் கழற்றிச் செய்ததால் மற்றவர்கள் விலையைவிட 30 சதவீதம் குறைவாகக் கொடுக்க முடிந்தது. அப்போது பல ஜப்பானிய வீடுகளில் சுவரில் பிளக் பாயிண்ட் கிடையாது. விளக்கு தொங்கும் சாக்கெட் ஒன்றுதான். அதில் வேறு எதையாவது மாட்டினால் வீடு இருட்டு. ஒரே இடத்திலிருந்து இரண்டுக்கு மின்சாரம் எடுக்கும் இரட்டை சாக்கெட்டை அவர் விற்றபோது கேட்டு வாங்காமல் இருப்பார்களா? இன்றைக்கு அந்த ஜப்பான்காரர்களுக்குத் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியிலும் சுவிட்ச் தொழிற்சாலை இருக்கிறது.

சரி, கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கம்பெனிக்கு எத்தனை வயது என்று பார்த்து நான் சுவிட்ச் வாங்க மாட்டேன். நன்றாக விற்கிற பெயரில்தான் போலியும் வரும். ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். அதன் மேலே சுவிட்ச் என்றால் ஐஎஸ் 3854, சாக்கெட் என்றால் ஐஎஸ் 1293 என்று இருக்க வேண்டும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அதை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு என்பது வந்துவிடும். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம். முத்திரை இருந்து எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட். 6 ஆம்பியர் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு ஓட்டும் பழக்கம் புது வீட்டிலாவது வேண்டாம்.

கேள்வி: ஹேவல்ஸ் இங்கிலாந்து கம்பெனி என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை, டெல்லி. ஹவேலி ராம் காந்தி என்பவரிடமிருந்து அந்தப் பெயரை 1971-ல் கீமத் ராய் குப்தா வாங்கினார். கடைக்காரர் கிராப்ட்ரீ என்ற சுவிட்ச் கம்பெனியை நினைத்துச் சொல்லியிருப்பார். அது இங்கிலாந்தின் வால்சால் ஊரில் 1919-ல் பிறந்தது. இந்தியாவில் அதுவும் இப்போது ஹேவல்ஸ் கையில்தான். எந்த நாட்டுப் பெயராக இருந்தாலும் மேலே சொன்ன எண்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாடுலர் போர்டில் ஒரு சுவிட்ச் மட்டும் போய்விட்டது. வேறு கம்பெனியுடையதைப் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் பிளேட்டில் உட்காராது. ஒரே கம்பெனியிலேயே ரகம் மாறினால் பொருந்தாமல் போகும். பழுதான சுவிட்சைக் கழற்றிக் கையில் எடுத்துப்போய், ரகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கழற்றும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். புதிதாக வயரிங் செய்கிறவர்கள் அதே ரகத்தில் நாலைந்து சுவிட்சும் ஓரிரண்டு பிளேட்டும் கூடுதலாக வாங்கி, பில்லோடு சேர்த்து வைத்துவிடலாம். ரகங்கள் சந்தையிலிருந்து சொல்லாமல் மறைந்துவிடுகின்றன. வாங்கிய சரக்கு பழுதாக இருந்து, பில் இருந்தும் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது.