போஸ்னியா தேர்தல்ல அந்த "மத்தவங்க" யாரு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போஸ்னியா தேர்தல் பத்தி நீங்க போன மாசம் எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். ஒரு விஷயத்த மட்டும் மனசு ஒத்துக்கல. 1992-95ல நடந்த சண்டைல ஒரு லட்சம் பேர் செத்த நாடு அது. இப்போ போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), செர்ப், குரோட்னு மூணு இனத்துக்கும் அதிபர் பதவில ஆளுக்கொரு இடம், மேல்சபைல ஆளுக்கு அஞ்சு சீட்டு, யாருக்கும் கூடவும் இல்ல குறைச்சலும் இல்ல. இத்தனை வருஷமா போர் இல்ல. இதவிட நியாயமா எப்படிப் பங்கு போட முடியும்? நீங்க "ஜனங்க ஓட்ட பிடுங்கிக்கிட்ட ஏற்பாடு"ன்னு எழுதியிருக்கீங்க, அது ரொம்ப ஓவரா படுது. இன்னொன்னு, குரோட் சீட்ல ஜெயிச்ச கோம்ஷிச்ச பத்தி நல்லவிதமா எழுதியிருந்தீங்க. ஒரு இனத்தோட பிரதிநிதிய இன்னொரு இனம் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்கறது ஏமாத்து வேலை இல்லையா?

பேர் போட வேண்டாம்.
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கோபமா எழுதியிருந்தாலும் யோசிச்சு எழுதியிருக்கீங்க, இதே கேள்விய வேற சிலரும் கேட்டாங்க, அதான் உங்களுக்கு மட்டும் மெயில் போடாம இங்கயே எழுதறேன்.

உங்க பக்கம் இருக்கற நியாயத்த முதல்ல சொல்லிடறேன். 1995 நவம்பர்ல அமெரிக்காவுல டேட்டன்ங்கற ஊர்ல ஒரு விமானப்படைத் தளத்துக்குள்ள போஸ்னியாவோட அலியா இஸெத்பெகோவிச், செர்பியாவோட மிலோஷெவிச், குரோஷியாவோட துஜ்மான் மூணு பேரயும் உட்கார வெச்சு மூணு வாரம் பேசி ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, டிசம்பர் 14 பாரிஸ்ல கையெழுத்து. அந்தப் பேச்சுவார்த்தைக்கு நாலு மாசம் முன்னாடி தான், ஜூலைல, ஸ்ரெப்ரெனிட்சாங்கற ஊர்ல செர்ப் படைங்க எட்டாயிரம் பேருக்கு மேல போஸ்னியாக் ஆம்பளைங்களயும் பசங்களயும் கூட்டிட்டுப் போய் கொன்னுருந்தாங்க. அந்த நிலைமைல பேனாவால போர நிறுத்தினது பெரிய காரியம் தான், அத நான் ஒரு நாளும் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஒப்பந்தத்தோட நாலாவது இணைப்பு என்ன தெரியுமா, நாட்டோட அரசியல் சட்டம். இங்கிலீஷ்ல எழுதினது. ஜனங்க கிட்ட ஓட்டுக்கு விடவே இல்ல. போர நிறுத்தறதுக்காக அவசரத்துல கட்டின கட்டுப்போட்டு அது, காயம் ஆறறதுக்குள்ள தோலோட ஒட்டிக்கிச்சு, இன்னிக்கு வரைக்கும் அதோட தான் தேர்தல் நடக்குது.

அந்தச் சட்டத்தோட முன்னுரைலயே போஸ்னியாக், குரோட், செர்ப் இந்த மூணும் தான் நாட்ட உருவாக்குற மக்கள்னு எழுதிட்டு, கூடவே "மத்தவங்க"ன்னு ஒரு வார்த்தைய சேர்த்திருக்காங்க. அவங்க மொழில ஓஸ்தாலி. ரோமா, யூதர், அல்பேனியர், கலப்புத் திருமணத்துல பொறந்தவங்க, எந்த இனமும் வேண்டாம் நான் இந்த நாட்டுக் குடிமகன் மட்டும் தான்னு சொல்றவங்க எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள. 2013 மக்கள்தொகைக் கணக்குல நாட்டுல சுமாரா 35 லட்சம் பேர், அதுல இந்த மத்தவங்க மூணு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கம்மி தானேன்னு தோணும். ஆனா போருக்கு முன்னாடி 1991 கணக்குல அஞ்சரை சதவீதம் பேர் தங்கள யூகோஸ்லாவ்னு எழுதியிருந்தாங்க, இனத்துக்குப் பேர் கேட்டா நாட்டுப் பேர சொன்ன ஜனங்க அவங்க. வியன்னாவுல என்கூட வேலை பார்க்கற அக்கா ஒருத்தங்க மோஸ்தார்காரங்க, அப்பா போஸ்னியாக், அம்மா செர்ப். நீங்க எந்த இனம்க்கான்னு நான் ஒருதடவை தெரியாத்தனமா கேட்டுட்டேன், அவங்க கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எங்க வீட்ல அந்தக் கேள்வி 1992ல தான் வந்துச்சு"ன்னு சொன்னாங்க.

இப்போ உங்க "ஆளுக்கொரு அதிபர்" விஷயம். நாடு ரெண்டு பாதியா இருக்கு, போஸ்னியாக்கும் குரோட்டும் அதிகமா இருக்கற ஃபெடரேஷன் ஒரு பாதி, செர்ப் அதிகமா இருக்கற ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா இன்னொரு பாதி, பிர்ச்கோன்னு ஒரு தனி மாவட்டம். அதிபர் பதவிய மூணு பேர் சேர்ந்து வகிக்கறாங்க, எட்டு மாசத்துக்கு ஒருதடவை தலைமை மாறும். போஸ்னியாக்கும் குரோட்டும் ஃபெடரேஷன்ல இருந்து தான் வரணும், செர்ப் ஸ்ர்ப்ஸ்கால இருந்து தான் வரணும். அப்போ ஃபெடரேஷன்ல இருக்கற தலைநகர் சரயேவோல குடியிருக்கற செர்ப் நிக்க முடியாது. ஸ்ர்ப்ஸ்கால இருக்கற ஸ்ரெப்ரெனிட்சாவுல குடியிருக்கற போஸ்னியாக் நிக்க முடியாது. ரோமாவோ யூதரோ எங்க குடியிருந்தாலும் நிக்கவே முடியாது. மேல்சபைல ஆளுக்கு அஞ்சு சீட்டுன்னு நீங்க எழுதினீங்க இல்ல, அந்தப் பதினஞ்சுலயும் மத்தவங்களுக்கு ஒண்ணு கூட கிடையாது. பங்கு சரியாத்தான் இருக்கு, ஆனா பங்கு இனத்துக்குப் போகுது, இனத்தோட பேர்ல பேசற கட்சிக்குப் போகுது, மனுஷனுக்கு வந்து சேரல.

இத எதிர்த்து ரெண்டு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. தெர்வோ செய்டிச், ரோமா. யாகோப் ஃபின்ட்சி, யூதர். 2009 டிசம்பர் 22 தீர்ப்பு வந்துச்சு, இது இனப் பாகுபாடுன்னு கோர்ட் சொல்லிச்சு. கொடுமை என்னன்னா அப்போ ஃபின்ட்சி ஸ்விட்சர்லாந்துல போஸ்னியாவோட தூதரா இருந்தவர், நாட்டுக்காக வெளிநாட்டுல பேசலாம், நாட்டுக்குள்ள அதிபர் தேர்தல்ல மனு போட முடியாது. அப்புறம் 2016ல இலியாஸ் பிலாவ் வழக்கு. முற்றுகைக்குள்ள கிடந்த ஸ்ரெப்ரெனிட்சாவுல காயப்பட்டவங்களுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் அவர், போர் முடிஞ்சப்பறம் அதே ஊருக்குத் திரும்பி வந்தவர். போஸ்னியாக்கா இருந்துக்கிட்டு ஸ்ர்ப்ஸ்கால குடியிருக்கறதால அவர் அதிபர் தேர்தல்ல நிக்க முடியாதுன்னு சொன்னது தப்புன்னு அங்கயும் தீர்ப்பு. விரட்டியடிச்ச ஊருக்கு தைரியமா திரும்பி வந்த மனுஷன் கிட்ட, நீ வேற பக்கம் குடிபோனா தான் உனக்கு முழு உரிமைன்னு சட்டம் சொல்லுது. 2009 தீர்ப்பு வந்தப்பறம் 2010, 2014, 2018, 2022ன்னு நாலு பொதுத்தேர்தல் பழைய விதிலயே நடந்துருச்சு தம்பி. இதுக்குத்தான் "ஓட்ட பிடுங்கிக்கிட்ட ஏற்பாடு"ன்னு எழுதினேன், இப்பவும் மாத்திக்க மாட்டேன்.

சரி, நிக்க முடியறவங்களாவது ஜெயிச்சு வந்து ஏதாவது பண்ண முடியுதான்னு பாருங்க. கீழ்சபைல 42 பேர், ஃபெடரேஷன்ல இருந்து 28, ஸ்ர்ப்ஸ்கால இருந்து 14. மெஜாரிட்டி இருந்தா மட்டும் ஒரு சட்டம் நிறைவேறாது, ரெண்டு பக்கத்துலயும் மூணுல ஒரு பங்கு ஆதரவு வேணும், அது இல்லாமப் போனாலும் எந்தப் பக்கத்துலயும் மூணுல ரெண்டு பங்கு பேர் எதிர்க்காம இருக்கணும். அதாவது ஸ்ர்ப்ஸ்காவோட 14 பேர்ல 10 பேர் சேர்ந்தா மீதி 32 பேர் கை தூக்கினாலும் சட்டம் செத்துருச்சு. மேல்சபைல இன்னும் சுலபம், சபை கூடறதுக்கே ஒவ்வொரு இனத்துலயும் மூணு பேர் வந்திருக்கணும், அஞ்சுல மூணு பேர் வீட்டுலயே உட்கார்ந்துட்டா அன்னிக்கு சபையே கிடையாது. வேலைய நிறுத்தறதுக்கு மூணு பேர் போதும், நடத்தறதுக்கு எல்லாரும் வேணும். 2010 அக்டோபர்ல தேர்தல் நடந்து அரசாங்கம் அமைய 2012 ஆயிருச்சு, 2018 அக்டோபர் தேர்தலுக்கு 2019 டிசம்பர்ல தான் அமைச்சரவை வந்துச்சு.

இதுல யார் அடிபடறாங்கன்னு தெரிஞ்சுக்க 2013ல நடந்தத மட்டும் சொல்றேன், எனக்கு அத நினைச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்கு. பொறக்கற குழந்தைக்கு ஒரு தேசிய அடையாள எண் குடுப்பாங்க, அத எப்படி அமைக்கணும்ங்கற சட்டத்துல ஒரு பகுதிய அரசியல் சாசனக் கோர்ட் ரத்து பண்ணிருச்சு, பார்லிமென்ட் திருத்தணும். எண் ரெண்டு பாதியோட எல்லைய காட்டணுமா வேண்டாமான்னு கட்சிங்க மோதிக்கிட்டு பிப்ரவரில சட்டம் காலாவதியாயிருச்சு. அதுக்கப்பறம் பொறந்த குழந்தைங்களுக்கு எண் இல்ல, எண் இல்லைனா பாஸ்போர்ட் இல்ல. மூணு மாசக் குழந்தை ஒண்ணு ட்ரீட்மென்ட்டுக்கு ஜெர்மனி போக வேண்டியிருந்துச்சு, போக முடியல. ஜூன்ல சரயேவோல தள்ளுவண்டில கைக்குழந்தைங்கள வெச்சுக்கிட்டு அம்மாங்க பார்லிமென்ட் முன்னாடி வந்து நின்னாங்க, ஆயிரக்கணக்குல ஜனங்க கையக் கோத்து கட்டடத்த சுத்தி நின்னு எம்பிங்கள ராத்திரி வரைக்கும் வெளிய விடல. அங்க ஸ்ர்ப்ஸ்கா பக்கம் பான்யா லூகாவுல பொறந்த குழந்தைக்கும் எண் இல்ல, சரயேவோல பொறந்ததுக்கும் இல்ல, மோஸ்தார்ல பொறந்ததுக்கும் இல்ல. அடுத்த வருஷம் பிப்ரவரில துஸ்லாவுல மூடின ஃபேக்டரித் தொழிலாளிங்க தெருவுக்கு வந்தப்போ "மூணு மொழிலயும் பசிக்குது"ன்னு எழுதி வெச்சாங்க. மூணு மொழின்னா போஸ்னியன், குரோஷியன், செர்பியன். ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு அப்படியே புரியும், இருந்தாலும் அங்க சிகரெட் பாக்கெட்டுல "புகைத்தல் கொல்லும்"னு மூணு தடவை அச்சடிச்சிருப்பாங்க, முதல் ரெண்டும் எழுத்து மாறாம ஒண்ணே, மூணாவது மட்டும் சிரிலிக் எழுத்துல. அதே வார்த்தை தான். மோஸ்தார்ல 2008க்கு அப்பறம் 2020 டிசம்பர் வரைக்கும் நகராட்சித் தேர்தலே நடக்கல, ஒரு ஊர் ஜனம் பன்னண்டு வருஷம் கவுன்சிலருக்கு ஓட்டுப் போடாம இருந்துச்சு, அதுக்கும் ஒரு பொண்ணு ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் போய் தான் வழி பிறந்துச்சு.

இப்போ கோம்ஷிச். இதுல நீங்க என்னை சரியா பிடிச்சிருக்கீங்க. ஃபெடரேஷன்ல ஓட்டுப் போடறவங்க கைல குடுக்கற அதிபர் பாலட்ல போஸ்னியாக் வேட்பாளர்களும் இருப்பாங்க, குரோட் வேட்பாளர்களும் இருப்பாங்க, யாராவது ஒருத்தருக்கு ஒரு ஓட்டு, நீ என்ன இனம்னு யாரும் கேக்கறதில்ல. அங்க போஸ்னியாக் எழுபது சதவீதம், குரோட் இருபத்திரண்டு சதவீதம். ஜெல்கோ கோம்ஷிச் குரோட் தான், போர்ல போஸ்னிய ராணுவத்துல சண்டை போட்டவர், நான் எல்லாருக்கும் பொதுன்னு பேசறவர். 2006, 2010, 2018, 2022ன்னு நாலு தடவை குரோட் சீட்ல ஜெயிச்சார், பெரும்பாலும் போஸ்னியாக் ஓட்டுல. 2018ல அவர் ஜெயிச்சதும் மோஸ்தார்ல குரோட்டுங்க ஊர்வலமே போனாங்க. நாட்டுல பதினஞ்சு சதவீதம் இருக்கற ஒரு சமூகம், எங்க பேர்ல இருக்கற ஒரே நாற்காலில யார் உட்காரணும்னு நாங்க முடிவு பண்ண முடியலயேன்னு கேக்கறது நியாயமான வலி. போன கட்டுரைல அத நான் ஒரு வரில தாண்டிப் போனது தப்பு, ஒத்துக்கறேன்.

ஆனா ஏமாத்துன்னு சொல்ல மாட்டேன். பொதுவா பேசற ஒருத்தருக்கு ஓட்டுப் போடணும்னு நினைக்கற ஆளுக்கு அந்த பாலட்ல பொதுவான இடம்னு ஒண்ணு கிடையாது, இருக்கற ஓட்டை வழியா தான் நுழைய முடியும். குரோட்டுங்களோட பெரிய கட்சியான எச்டிஸெட் கேக்கறது குரோட்ட குரோட் மட்டும் தேர்ந்தெடுக்கற மாதிரி விதி, அது வந்தா இன்னிக்கு வேட்பாளர் நெத்தில இருக்கற முத்திரை நாளைக்கு ஓட்டுப் போடறவர் நெத்திக்கும் வரும். என் மோஸ்தார் அக்கா அப்போ எந்த வரிசைல நிப்பாங்க?

2022 அக்டோபர் 2 தேர்தல்ல ஜனங்க நிஜமாவே ஒண்ண மாத்தினாங்க, அத சொல்லாம விடக்கூடாது. டேட்டன்ல உட்கார்ந்து பேசின அலியா இஸெத்பெகோவிச்சோட மகன் பாகிர் போஸ்னியாக் சீட்டுக்கு நின்னார், பதினோரு எதிர்க்கட்சிங்க சேர்ந்து நிறுத்தின டெனிஸ் பெச்சிரோவிச் அவர தோக்கடிச்சார். ஸ்ர்ப்ஸ்கால ஜெல்கா ஸ்வியானோவிச் ஜெயிச்சு அந்த மூவர்ல முதல் பெண் ஆனாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரி ஓட்டுப்பதிவு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல, டேட்டன் ஒப்பந்தத்த மேற்பார்வை பார்க்கற சர்வதேச உயர் பிரதிநிதி கிறிஸ்டியான் ஷ்மிட், ஜெர்மனிக்காரர், யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர், தேர்தல் சட்டத்தையே மாத்தி உத்தரவு போட்டார். ஃபெடரேஷன் பாதிக்குன்னு தனியா இருக்கற மேல்சபைல சீட்டு 58ல இருந்து 80 ஆச்சு. அரசாங்கம் அமைய உதவும்னு காரணம் சொன்னார், சீக்கிரமா அமைஞ்சதும் உண்மை தான், 2023 ஜனவரில போரியானா கிரிஷ்டோ பிரதமர் ஸ்தானத்துக்கு வந்தாங்க, அதே தேர்தல்ல குரோட் சீட்டுக்கு எச்டிஸெட் சார்பா நின்னு கோம்ஷிச் கிட்ட தோத்தவங்க. இருந்தாலும் ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போன ஜனங்க கிட்ட, பெட்டிய எண்ணறதுக்குள்ள விதிய மாத்தினோம்னு சொல்றத என்னால ஏத்துக்கவே முடியல. அந்த அரசாங்கத்துலயும் எதிர்க்கட்சியா இருந்த மூணு கட்சிங்க, வேற வழியில்லாம எச்டிஸெட் கூடவும் ஸ்ர்ப்ஸ்கா தலைவர் டோடிக்கோட கட்சி கூடவும் தான் உட்கார வேண்டியிருந்துச்சு, ஏன்னா நான் மேல சொன்ன பத்துப் பேர் கணக்கு.

மாத்தவே முடியாதான்னா, ஒருதடவை கிட்ட வந்தாங்க. 2006 ஏப்ரல்ல ஒரு அரசியல் சட்டத் திருத்தம் கீழ்சபைக்கு வந்துச்சு, மூணு அதிபருக்குப் பதில் ஒரு அதிபர், ரெண்டு துணை அதிபர், பார்லிமென்டே தேர்ந்தெடுக்கும், பிரதமருக்கு அதிகாரம் கூட. குறை இல்லாத திட்டம் இல்ல, நாட்டோட ஒரு பாதி மட்டும் நின்னு சட்டத்த தடுக்கற அந்த வீட்டோவ அப்படியே விட்டுட்டாங்கன்னு சொல்லி தான் போஸ்னியாக் தலைவர் ஹாரிஸ் சிலாய்ஜிச் எதிர்த்தார். 42 பேர்ல 28 பேர் வேணும். ஆதரவு 26, எதிர்ப்பு 16. அதுக்கப்பறம் அவ்வளவு பக்கத்துல யாரும் போகல.

அடுத்த பொதுத்தேர்தல் 2026 அக்டோபர்ல. விதி மாறலைன்னா, மகனையோ புருஷனையோ பறிகொடுத்துட்டு ஸ்ரெப்ரெனிட்சாவுலயே குடியிருக்கற ஒரு போஸ்னியாக் அம்மா அங்க ஓட்டுப் போட வரும்போது, அவங்க கைல குடுக்கற நாட்டு அதிபருக்கான பாலட்ல செர்ப் சீட்டுக்கு நிக்கறவங்க பேர் மட்டும் தான் இருக்கும்.