நாசாவின் 'சாட்ஸ்' திட்டம் என்றால் என்ன?

சிறிய விமானங்களை வைத்து சின்ன ஊர்களுக்கும் நேரடியாகப் பறக்க முடியுமா என்று நாசா நடத்திய ஆராய்ச்சிதான் சாட்ஸ் (SATS, Small Aircraft Transportation System, அதாவது சிறிய விமானப் போக்குவரத்து அமைப்பு). 2001-இல் தொடங்கி, 2005 ஜூனில் வர்ஜீனியா மாநிலத்தின் டான்வில் ஊரில் செய்முறையாகக் காட்டினார்கள்.

ஏன் தேவைப்பட்டது? அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் 5,000-க்கும் மேல், ஆனால் பயணிகளில் பெரும்பாலானோர் முப்பது சொச்சம் பெரிய நிலையங்களுக்குள்தான் இடிபடுகிறார்கள். மற்றவற்றில் பல அதிகம் பயன்படாமல் கிடக்கின்றன. ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அவற்றில் பலவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரமும் இல்லை, ரேடாரும் இல்லை. மேகம் மூடிய நாளில் அங்கே விமானம் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது, அதனால் ஒன்று இறங்கி முடிக்கும்வரை அடுத்ததை விடமாட்டார், பின்னால் வருபவர் வானத்திலேயே வட்டமடிக்க வேண்டியதுதான். உண்மையான முட்டுக்கட்டை இதுதான், விமானத்தின் வேகம் இல்லை.

சரி, சாட்ஸ் என்ன செய்தது? ஒவ்வொரு விமானமும் ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு அதை மற்ற விமானங்களுக்கும் அறிவிக்கும். தரையில் உள்ள கணினி, கிளினிக்கில் டோக்கன் கொடுப்பதுபோல, 'நீங்கள் இவருக்கு அடுத்து' என்று வரிசையை மட்டும் சொல்லும். டான்விலில் இப்படித்தான் பல விமானங்கள் ஒரே சமயத்தில் இறங்கும் வரிசையில் வந்தன.

அப்புறம், பலரும் இதைப் பைலட் இல்லாத விமானம், பறக்கும் கார் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, சாட்ஸ் விமானத்தை ஓட்டியது பைலட்தான், முன்னால் போகும் விமானத்திலிருந்து இடைவெளி விடுவதும் அவர் பொறுப்புதான்.