தலைவலி மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மாதத்தில் மூன்று நான்கு முறை ஒற்றைத் தலைவலி வருகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சுமாட்ரிப்டான் மாத்திரை கொஞ்ச நேரத்திலேயே வாந்தியோடு வெளியே வந்துவிடுகிறது. இதே மருந்தைக் கன்னத்தில் ஒட்டும் மாத்திரையாகச் செய்ய ஆராய்ச்சி நடப்பதாக, பி.ஃபார்ம் படிக்கும் என் தங்கை மகன் சொல்கிறான். கடையில் கிடைக்குமா? அதுவரை இந்த மாத்திரையையே கன்னத்தில் அடக்கிக்கொள்ளலாமா?

பதில்: அடக்கிக்கொள்ள வேண்டாம். சாதாரண மாத்திரை உமிழ்நீரில் கரைந்து மறுபடி வயிற்றுக்குத்தான் போகும். அதன் கசப்பு குமட்டலை இன்னும் கிளப்பிவிடும்.

ஆனால் உங்கள் தங்கை மகன் சொல்வது நல்ல விஷயம். ஒற்றைத் தலைவலி வந்தால் பலருக்கு இரைப்பையே மந்தமாகிவிடும். வாந்தி வராவிட்டாலும் மாத்திரை அங்கேயே கிடக்கும். அப்புறம் குடல் உறிஞ்சியதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. 100 மி.கி. விழுங்கினால் ரத்தத்துக்கு முழுதாக வந்து சேர்வது ஏறக்குறைய 15 மி.கி.தான். அதே மருந்தை ஊசியாகப் போட்டால் 6 மி.கி. போதும்!

கன்னத்தின் உட்புறத்து ரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் கழுத்து ரத்தக்குழாய் வழியாக நேரே இதயத்துக்குப் போகிறது. புகையிலையை அடக்குபவர்களுக்குச் சட்டென்று தலை சுற்றுவது இந்த வழியால்தான். இதை மருந்துக்குப் பயன்படுத்த முடியாதா என்பதே ஆராய்ச்சி. கார்போபால், கைட்டோசான் போன்ற பசைப் பொருள்களோடு மருந்தைச் சேர்த்து அழுத்தி, கன்னத்தைத் தொடும் பக்கம் தவிர மற்ற பக்கங்களுக்கு நீர் புகாத எத்தில் செல்லுலோஸ் பூச்சு கொடுக்கிறார்கள். மருந்து வாய்க்குள் கசியாமல் கன்னத்துக்குள் மட்டும் இறங்க வேண்டும் அல்லவா? எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, எவ்வளவு மருந்து ஊடுருவுகிறது என்பதையெல்லாம் ஆட்டின் அல்லது பன்றியின் கன்னத்து உட்சவ்வில் சோதிக்கிறார்கள். ஓயாமல் ஊறும் உமிழ்நீரும் அசையும் வாயும் பெரிய சவால். சுமாட்ரிப்டானைப் பொறுத்தவரை இது இன்னும் ஆய்வுக்கூட விஷயம்தான், கடையில் தேடாதீர்கள். பிரிட்டனில் ஒற்றைத் தலைவலியோடு வரும் குமட்டலுக்கு, மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் புரோகுளோர்பெரசின் 3 மி.கி. மாத்திரை உண்டு. இந்த வழி வெறும் கனவல்ல என்பதற்கு அது சாட்சி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுமாட்ரிப்டான் வகையைச் சேர்ந்த, நாக்கில் கரையும் ரிசாட்ரிப்டான் மாத்திரை வாயிலேயே ரத்தத்தில் கலப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதுவும் குடலுக்குப் போய்த்தான் வேலை செய்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? வலி தொடங்கியதுமே மருந்தை எடுங்கள், முற்றும்வரை காத்திருக்காதீர்கள். வாந்தியில் போய்விட்டதே என்று உடனே இன்னொன்று போடக் கூடாது, எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. வாந்தியை அடக்கும் மருந்தைச் சேர்க்கலாமா, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே அல்லது ஊசி ஒத்துவருமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு சுமாட்ரிப்டான் வகை மருந்து எந்த வடிவத்திலும் ஆகாது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ போட்டால் மருந்தே தலைவலியை வளர்க்கலாம். மாதம் நான்கு முறை வருகிறது என்றால் தடுப்பு மருந்தைப் பற்றியும் பேச வேண்டிய நேரம்தான். போகும்போது வலி வந்த தேதி, மாத்திரை போட்ட நேரம், வாந்தி வந்த நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.