அதிகாலை இருட்டில் சைக்கிளில் போகும் தம்பிக்கு முதலில் என்ன வாங்கித் தரலாம்?

விடியும் முன்பே சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும் தம்பிக்கு விளக்கு பொருத்திய ஸ்மார்ட் ஹெல்மெட் நல்லதா, கீழே விழுந்தால் வீட்டுக்குத் தகவல் அனுப்பும் கைக்கடிகாரம் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். அது சாதாரண ஹெல்மெட்டாக இருந்தாலும் போதும். கைக்கடிகாரம் விழுந்த பிறகுதான் உதவும். முதலில் வாகன வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டைகளை வாங்கி, இரண்டு கணுக்கால்களிலும் முழங்கால்களிலும் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி இருந்தால் போதும் என்றுதான் நானும் பல மாதங்கள் நம்பியிருந்தேன். ஒருநாள் காலை ஐந்து மணிக்கு என்னை உரசுவதுபோல் வந்து கடைசி நொடியில் ஒதுங்கிய வேனின் ஓட்டுநர், இறங்கி வந்து, "சத்தியமா நீங்க தெரியவே இல்ல சார்" என்றார். அவர் சொன்னது உண்மை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த மஞ்சள் சாயம் சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை வாங்கித்தான் ஒளிர்கிறது. இரவில் அதற்கு அந்தப் பலம் இல்லை. பட்டையிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ, முகப்பு விளக்கின் ஒளியை அது வந்த திசைக்கே திருப்பிவிடுகின்றன.

காலில் கட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 1973இல் ஸ்வீடனின் உப்சாலாவில் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், உடலின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் தெரியும்படி இருட்டில் நடந்தவர்களைப் படமெடுத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அது மனித நடை என்பதை நொடிப்பொழுதில் கண்டுகொண்டார்கள். பெடலோடு ஏறி இறங்கும் நான்கு பட்டைகளும் அப்படித்தான், அங்கே ஒரு மனிதர் போகிறார் என்று ஓட்டுநருக்கு உணர்த்துகின்றன. தாழ்த்திய முகப்பு விளக்கின் வெளிச்சம் கால்களில்தான் நன்றாக விழும் என்பதும் கூடுதல் நன்மை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுவதால், ஒரு நொடி முன்னதாகத் தெரிவதே பெரிய காரியம்.

ஆனால் முகப்பு விளக்கு படாத இடத்தில் பட்டை வேலை செய்யாது. குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்கு நீங்கள் தெரிய வேண்டுமானால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிந்தே ஆக வேண்டும். பட்டைகளில் சேறு படிந்தால் ஒளி மங்கிவிடும் என்பதால், மழைக்காலத்தில் நான் தினமும் துடைத்துவிடுகிறேன். பேன்ட்டுக்கு மேலாகக் கட்டச் சொல்லுங்கள். வலக்கால் துணி செயினில் சிக்காமலும் இருக்கும்.