மழை பெய்த சுண்ணாம்புக்கல் மலையில் சைக்கிள்: அக்டோபரில் யார்க்‌ஷயர் டேல்ஸ் போகலாமா?

லீட்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். போன வருடம் ஒரு ஹார்டுடெயில் (பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத) மவுண்டன் பைக் வாங்கி, ட்ரெயில் சென்டர் எனப்படும், சைக்கிளுக்கென்றே தடம் போட்ட இடங்களில் நடுத்தரமான நீலத் தடம் வரை ஓட்டிப் பழகிவிட்டாராம். அக்டோபரில் மச்சானையும் பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, வட இங்கிலாந்தின் மலைப் பகுதியான யார்க்‌ஷயர் டேல்ஸ் போக ஆசை. கைபேசிச் செயலி ஒன்று மாலம் கோவ் பாறைக்கு மேலே ஒரு பாதையைக் காட்டுகிறது, அதில் ஓட்டலாமா, 2.25 அங்குல டயர் போதுமா என்று கேட்கிறார்.

மாலம் கோவ் வேண்டாம். செயலி காட்டும் அந்தக் கோடு பென்னைன் வே, நடப்பவர்களுக்கான பாதை. சுமார் 80 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறையின் ஓரமாக ஏறக்குறைய 400 படிகள் ஏறிப் போகும். மேலே போனால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் தளம். அந்த வெடிப்புகளில் கால் முழங்கால் வரை இறங்கும், முன்சக்கரம் மாட்டினால் ஆள் ஹேண்டிலுக்கு மேலே பறக்க வேண்டியதுதான். வெடிப்புகளுக்குள் காற்றுக்கும் ஆட்டுக்கும் தப்பி வளரும் பெரணிச் செடிகள் வேறு இருக்கின்றன. சைக்கிளைக் கீழே கிராமத்தில் பூட்டி வைத்துவிட்டு நடந்து போய்ப் பாருங்கள், பார்க்க வேண்டிய இடம்தான்.

இங்கே பலர் தடுக்கி விழுவது பாறையில் அல்ல, பாதை உரிமையில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபுட்பாத் என்றால் நடக்க மட்டும். பிரைடில்வே என்றால் குதிரைக்கும் உண்டு, 1968 ஆம் ஆண்டு கிராமப்புறச் சட்டத்துக்குப் பிறகு சைக்கிளுக்கும் உண்டு, ஆனால் குதிரைக்கும் நடப்பவருக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். ஃபுட்பாத்தில் ஓட்டினால் போலீஸ் பிடிக்காது, அது உரிமையியல் விவகாரம், ஆனாலும் நிலத்துக்காரர் இறங்கிப் போகச் சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். 'ஓப்பன் ஆக்சஸ்', அதாவது யாரும் சுற்றித் திரியலாம் என்ற பலகை உள்ள மலைகளிலும் அந்த உரிமை காலுக்குத்தான், சக்கரத்துக்கு இல்லை. இந்த வித்தியாசத்தையெல்லாம் இலவசச் செயலிகள் சரியாகக் காட்டும் என்று நம்பாதீர்கள். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்2 வரைபடத்தை வாங்குங்கள். அதில் பச்சைக் குட்டைக் கோடுகள் ஃபுட்பாத், பச்சை நீளக் கோடுகள் பிரைடில்வே. இது ஒன்று மனதில் இருந்தால் போதும்.

உங்களுக்கும் மச்சானுக்கும் நான் சொல்வது செட்டில் ஊரிலிருந்து கிளம்பி அங்கேயே வந்து முடியும் வளையப் பாதை, செட்டில் லூப். பென்னைன் பிரைடில்வே என்ற நெடும்பாதையின் ஒரு பகுதி, ஏறக்குறைய 16 கிலோமீட்டர். ஓக் மரக் காய் படம் போட்ட வழிகாட்டிக் கம்பங்கள் உண்டு. 16 தானே என்று நினைக்காதீர்கள், ட்ரெயில் சென்டரின் 16 வேறு, இது வேறு. ஊரைத் தாண்டியதும் ஏற்றம் நெஞ்சில் ஏறி உட்காரும், நடுவில் எத்தனையோ வேலிக் கதவுகள், ஒவ்வொன்றையும் திறந்து மூட வேண்டும். ட்ரெயில் சென்டரில் நீலம், சிவப்பு என்று யாரோ தரம் பிரித்து வைத்திருப்பார்கள், பிரைடில்வேக்கு அப்படி எதுவும் கிடையாது. நேற்று பெய்த மழைதான் இன்றைக்குத் தரம் போடும்.

கடிகார முள் திசையில், அதாவது லாங்கிளிஃப் கிராமத்துப் பக்கம் ஏறி ஸ்டாக்டேல் பக்கம் இறங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். எதிர்த்திசையில் போகச் சொல்பவர்களும் உண்டு, சண்டை போட மாட்டேன். எந்தத் திசையில் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள். இந்த மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மிட் கிரேவன் ஃபால்ட் என்ற பெரிய நிலப்பிளவு போகிறது. அதற்கு வடக்கே வெள்ளைச் சுண்ணாம்புக்கல், குட்டைப் பசும்புல். தெற்கே கர்க்பி ஃபெல் பக்கம் கருத்த மணற்கல்லும் சேற்று நிலமும். ஒரே வளையத்தில் இரண்டு ஊர் மண். வடக்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சைக்கிள் மேட்டின் உச்சியருகே திடீரெனச் சேற்றில் அழுந்தினால் காலில் பலம் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

சுண்ணாம்புக்கல்லில் மழை நீர் நிற்பதில்லை. மழையில் இருக்கும் லேசான அமிலம் கல்லைக் கரைத்துக் கரைத்துத் துளையாக்கி வைத்திருப்பதால் தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். அதனால் மற்ற மலைகள் சொதசொதவென்று கிடக்கும்போதும் இந்தப் புல் சீக்கிரம் காய்ந்துவிடும், அது நமக்கு லாபம். நஷ்டம், மேலே வழிநெடுக ஓடை பார்ப்பது அரிது, பாட்டிலை நிரப்ப இடமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் கீழேயிருந்தே கொண்டு போங்கள். தப்பித்தவறி ஓடை கிடைத்தாலும் ஆடு மேயும் மலைத் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள்.

அப்புறம் வழுக்கல். நூற்றாண்டுகளாகக் குளம்பும் செருப்பும் தேய்த்து மெருகேற்றிய சுண்ணாம்புக்கல் நனைந்தால் பாசி படிந்த குளத்துப் படிதான். எந்த டயரும் அதைப் பிடிக்காது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. எனவே கல்லின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். கல்லுக்கு முன்னால் புல்லிலோ சரளையிலோ வேகத்தைக் குறைத்து முடித்து, பிரேக்கை விட்டு, நேராக உருள விடுங்கள். கல் விளிம்பைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஓடிவிடும், நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இறங்கித் தள்ளுங்கள்.

2.25 டயர் போதும், மாற்ற வேண்டாம். ஆனால் உள்ளே ட்யூப் இருந்தால் கூர்மையான கல் விளிம்பில் ரிம் இடித்து, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும் பஞ்சர் வர வாய்ப்பு அதிகம். முடிந்தால் ட்யூப்லெஸ்ஸாக (ட்யூப் இல்லாத டயராக) மாற்றுங்கள். 75 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம் என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். ட்யூபோடுதான் என்றால் நாலைந்து கூடுதலாக அடியுங்கள், பிடிமானம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. ஈரமான நாளில் கல்பொடி கலந்த சேறு மென்மையான ஆர்கானிக் பிரேக் பேடை அரைத்துத் தின்றுவிடும், உலோகத் தூளால் செய்த சின்டர்ட் பேட் போட்டுக்கொண்டு போங்கள்.

மாடு, ஆடு விஷயம் சுருக்கமாக: கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள், கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போங்கள்.

அடிபட்டால் அவசர எண்ணான 999 அழைத்துப் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்பு என்று சொல்ல வேண்டும். அந்தப் பகுதிக்கு வருவது கிளாப்ஹாம் கிராமத்தில் இருக்கும் கேவ் ரெஸ்க்யூ ஆர்கனைசேஷன், குகையில் சிக்கியவர்களை மீட்க 1935 இல் தொடங்கியது, மலைமேல் விழுந்தவர்களையும் அவர்களே தூக்குகிறார்கள். பள்ளங்களில் சிக்னல் போய்விடும், ஒரு விசில் வைத்திருங்கள்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊத வேண்டும்.

மகளை இதற்குக் கூட்டிப் போகாதீர்கள். அவளுக்கு முடியாது என்பதல்ல, அக்டோபர் காற்றில் முதல் அனுபவமே சேறும் தள்ளலுமாக இருந்தால் அடுத்த தடவை வர மாட்டாள். அவளுக்கு தெற்கே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப் பகுதியில் பேக்வெல் ஊர் அருகே மான்சல் ட்ரெயில் இருக்கிறது. 1968 இல் மூடிய ரயில் தடத்தின் மேல் போட்ட பாதை, அதுவும் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குதான். சுமார் 14 கிலோமீட்டர், ஏற்றம் பெயருக்குத்தான், 2011 முதல் பழைய ரயில் சுரங்கங்களுக்குள்ளேயே ஓட்டிப் போகலாம். குழந்தைகள் உள்ளே கத்தி எதிரொலி கேட்காமல் வர மாட்டார்கள்.

லீட்ஸிலிருந்து செட்டிலுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அதில் பொதுவாக ஒரு வண்டிக்கு இரண்டு சைக்கிள், முன்பதிவு கிடையாது, முதலில் வருபவர்களுக்கு இடம். காலை வண்டிக்குச் சீக்கிரம் போய் நில்லுங்கள். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தையதைக் குறிவையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்த பிறகு ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், எனவே மதியம் ஒரு மணிக்குள் பாதி வளையம் தாண்டவில்லை என்றால் வந்த வழியே இறங்கிவிடுங்கள், விளக்கு இருந்தாலும்.